ஆய்வுக்கு முன் போட்ட கையெழுத்து

சாவியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. சில வருடங்கள் குத்தகைக்கு எடுத்து ஓட்டிய வண்டியை நம் யார்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போதே அவர் சண்டைக்குத் தயாராகத்தான் இறங்குவார். கதவில் இருக்கும் கீறல் எப்போது விழுந்தது, அதற்கு நாம் காசு கேட்கப்போகிறோமா என்பதெல்லாம் வருகிற வழி முழுக்க அவர் மனதில் ஓடியிருக்கும். அந்த முகத்துக்கு எதிரே படிவத்தை வைத்துக்கொண்டு நிற்கப்போவது இனி நீங்கள்.

தஞ்சாவூர்க் கிளையில் வண்டிகளைத் திரும்பப் பெறும் பிரிவை நான் பல வருடம் பார்த்துக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். டயர் தேய்மானத்தை எப்படி அளப்பது, பெயின்ட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கருவி இருக்கிறது, கைப்பேசியில் செயலி இருக்கிறது. ஓட்டினால் தேயும், அதற்குக் கட்டணம் கிடையாது. மோதினால் உடையும், அதற்குக் கட்டணம் உண்டு. நம் வேலை மொத்தமும் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவதுதான். அந்தக் கோட்டைப் போடும்போது உங்கள் பக்கத்தில் யார் யார் வந்து நிற்பார்கள், என்னென்ன சொல்வார்கள் என்பது எந்தச் செயலியிலும் வராது. அதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் என்னைப் பற்றி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். விபத்து வண்டிகளை மதிப்பிடும் ஒரு சர்வேயரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அறிக்கை அடிக்க வேண்டும். அடித்து அடித்து, அடுத்த வரியில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் அவருக்கு உடம்பு சரியில்லை. "நீயே போய்ப் பாத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அவர் எனக்குக் கொடுத்த ஒரே சட்டம், "வண்டியச் சுத்தி வந்து பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத" என்பது.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினேன். அதைத் தப்பு என்று ஒப்புக்கொள்வதற்காக இங்கே வரவில்லை. மறுபடியும் அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன்.

அந்த வருடங்களில் டெல்டா முழுக்க ஒரே பேச்சு, வயலுக்கு அடியில் இருக்கிற எரிவாயுவைப் பற்றித்தான். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் மேடையில் விவசாயிக்குத்தான் முதல் வணக்கம். ஆனால் குறியீட்டுக் கல் நட வருகிற வண்டிக்குப் பின்னால் போலீஸ் ஜீப்பும் வரும். பட்டா வைத்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பயிருக்குள் இறங்கி அளந்தார்கள். ஊருக்கு ஊர் பந்தல் போட்டு ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஊரில் மறியல் என்றால் அடுத்த ஊரிலிருந்து சோறு வரும்.

அந்த அளவை வேலையை எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனம் நம் கிளையின் பெரிய வாடிக்கையாளர். அவர்கள் ஓட்டிய வண்டிகள் அத்தனையும் நம்மிடம் குத்தகைக்கு எடுத்தவை. அவற்றில் ஒன்று, வெள்ளை நிறத்துப் பெரிய வண்டி, ஒரு காலையில் மீட்பு லாரியின் முதுகில் ஏறி நம் யார்டு வாசலுக்கு வந்தது. பின்பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. பின் கண்ணாடி இல்லை. ஜன்னல் உயரம் வரை வாய்க்கால் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

கூடவே காரில் வந்து இறங்கியவர் பிரசாத். ஒப்பந்த நிறுவனத்தின் தள அதிகாரி. மரியாதையாகப் பேசுகிற மனிதர்தான். ஒவ்வொரு மாதமும் வந்துபோகிறவர் என்பதால் எங்களுக்குள் பழக்கம் உண்டு.

"பேப்பர் பாத்திருப்பீங்களே மேடம்," என்றார். "மன்னார்குடிக்குத் தெக்க நேத்து நடந்தது. கூட்டமா வந்து வண்டிய அடிச்சு, ஆளுங்க உள்ள இருக்கிறப்பவே வாய்க்கால்ல தள்ளி விட்டுட்டாங்க."

பேப்பரில் பார்த்திருந்தேன். அந்த ஊர் ஆண்கள் சிலரைக் கைது செய்து, கொலை முயற்சி என்று வழக்குப் போட்டிருந்தார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் திறந்துவிடுவதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும் என்று நிறுவனம் கேட்டதால், போலீஸ் அதைக் கைப்பற்றாமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டது.

"இது சேதக் கட்டணம் பேசற விஷயமே இல்லீங்க," என்று பிரசாத் தொடர்ந்தார். "கலவரத்துல போன வண்டி. லாரியிலேருந்து இறக்கக்கூட வேண்டாம். அப்படியே திருச்சிக்குக் கொண்டுபோய் எங்க செலவுல கியர்பாக்ஸப் பிரிச்சு, பின்பக்கம் அடிச்சு, புதுசு மாதிரி ஆக்கித் தந்துடறோம். அப்புறம் குத்தகையை முடிச்சுக்கலாம். வெளி வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக உங்க அனுமதிக் கடிதம் ஒண்ணு மட்டும் வேணும்."

கேட்பதற்கு நமக்கு லாபமாகத்தான் இருந்தது. வண்டியை எடுத்தவர்களே சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள். நானும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லியிருப்பேன். பழக்கதோஷத்தில் லாரியின் மேல் ஏறி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கியர் ரிவர்ஸில் இருந்தது. அசைத்துப் பார்த்தேன். சிக்கிக்கொண்டு நகர மறுத்தது.

லாரியின் முன் இருக்கையில் நெற்றியில் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியின் ஓட்டுநர் பஷீர். அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் சில வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தவர். வண்டியை எப்போதும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பார் என்பதால் எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. கீழே இறங்கி அவரிடம் போனேன்.

"கியர் ரிவர்ஸ்ல மாட்டியிருக்கே பஷீர்?"

அவர் பிரசாத் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்னை ஒண்ணும் கேக்காதீங்க மேடம்," என்றார். "நேத்துலேருந்து எல்லாரும் எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கல."

நான் வற்புறுத்தவில்லை.

ரிவர்ஸ் கியரில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை முன்னால் நின்று கூட்டம் தள்ளியிருக்குமா? தள்ள வேண்டிய அவசியமே இருந்திருக்காதே. ஆனால் நான் அந்த வயலில் இல்லை. என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இந்த வண்டி திருச்சிக்குப் போய்க் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டால், அது எந்த நிலையில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சில பேர் அந்த வண்டியின் பெயரால் சிறையில் இருந்தார்கள்.

மேலாளர் ராஜசேகரின் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் காலாண்டில் கிளை தத்தளித்துக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் தினமும் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது.

"மேடம், நம்மது கார் லீஸ் கம்பெனி. கேஸ் நடத்தற வேலை போலீசோடது," என்றார்.

"போலீஸ் வண்டிய எடுக்கல சார். போட்டோவோட விட்டுட்டாங்க."

"அப்ப அவங்களுக்கே அது முக்கியமாத் தெரியலன்னு அர்த்தம். கடிதத்த அடிச்சுக் குடுங்க. பெரிய பார்ட்டி. மீதி வண்டிங்களையும் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா இந்தக் கிளையே இருக்காது."

"நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"உங்க பக்கத்து ஆளுங்கன்னு பாக்கறீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேதான் போயிருந்தேன். வந்தபோதும் சுருக்கென்றுதான் இருந்தது. சிறையில் இருப்பவர்கள் பண்ணையாரின் ஆட்களாக இருந்தால் இதே மாதிரி நிற்பேனா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். நிற்பேன் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதில் வந்த பிறகு அவரிடம் கோபப்படத் தேவையில்லாமல் போயிற்று. நீங்களும் அந்தக் கேள்வியை மற்றவர் கேட்பதற்கு முன் உங்களிடமே கேட்டுவிடுங்கள்.

"இல்ல சார்," என்றேன்.

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். ராஜசேகர் எழுந்து நின்றே பேசினார். வைத்துவிட்டு, "நீங்க போடாட்டிப் பரவால்ல. சென்னை ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேன், அவங்க சரின்னு சொன்னதும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்," என்றார்.

ஆக, சென்னையிலிருந்து பதில் வரும் வரைதான் எனக்கு நேரம்.

யார்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். குத்தகை முடியாத வரை வண்டி அவர்கள் கையில். அனுமதி தர மறுத்தாலும் அவர்களே லாரியோடு கொண்டுபோனால் நான் என்ன செய்ய முடியும்? வண்டி நம் கைக்கு வர ஒரே வழி, திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்கிற ரசீது. அதில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து வண்டி நம்முடையது. தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல உத்தரவு இல்லாமல் மேலாளர்கூட அதை யார்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

ஆனால் அந்த ரசீதில் சேதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதாத சேதத்துக்குப் பிறகு ஒரு பைசா கேட்க முடியாது. அதனால்தான் ஆய்வு முடியாமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள். முறையாகச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, ஒவ்வொன்றாக எழுதி, அவற்றுக்கு பிரசாத்தை ஒப்புக்கொள்ளவைத்துக் கையெழுத்து வாங்குவதென்றால் மாலை ஆகிவிடும். சேதம் என்று எழுத ஆரம்பித்த உடனேயே அவர் பின்வாங்கிவிடவும் கூடும். அதற்குள் சென்னை பதில் சொல்லிவிடும்.

ரசீதை எடுத்தேன். வண்டி எண், தேதி, ஓடிய தூரம் எல்லாம் எழுதினேன். சேதக் கட்டத்தைக் காலியாக விட்டேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

பிரசாத் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கக் காத்திருந்துவிட்டு, "குத்தகையை முடிச்சுக்கணும்னு சொன்னீங்களே சார், இன்னைக்கே முடிச்சுடலாமா?" என்று ரசீதை நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். காலியாக இருந்த கட்டத்தில் அவர் கண் நின்றது. என்னைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார். பின்பக்கம், கியர்பாக்ஸ், சேற்றில் ஊறிய இருக்கைகள், அத்தனைக்கும் கட்டணம் இல்லை. திருச்சிச் செலவும் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க மேடம். நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு தெரியும்," என்று கையெழுத்துப் போட்டு, தன் நகலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டு, "வண்டிய அந்த மூலையில இறக்கிடுங்க. கியரத் தொட வேண்டாம், அடியில பலகை குடுத்து அப்படியே இழுத்து இறக்குங்க," என்றேன்.

"எதுக்கு மேடம் இறக்கணும்?" என்றார் பிரசாத். "திருச்சிக்குப் போகட்டுமே, நாங்க சொன்ன வார்த்தை சொன்னதுதான்."

"வேண்டாங்க சார். இனி அது எங்க வண்டி. நாங்க பாத்துக்கறோம்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நேராக மேலாளரின் அறைக்குப் போனார்.

அடுத்துக் கூப்பிடப்பட்டது நான்தான் என்று சொல்லத் தேவையில்லை.

"பாக்காமயே கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் ராஜசேகர். ரசீது அவர் மேசை மேல் கிடந்தது.

"ஆமாங்க சார்."

"சேதம் முழுக்க இப்ப நம்ம தலையில."

"ஆமாங்க சார்."

"இத்தனை வருஷத்துல நீங்க விட்ட ஒரு கீறல் உண்டா? ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?"

"வண்டி இங்க இருக்கணும் சார். அதுக்கு வேற வழி தெரியல."

பிரசாத் உட்காராமலே நின்றுகொண்டிருந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடலாம் சார்," என்றார்.

ராஜசேகர் ரசீதைக் கையில் எடுத்து, இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "திரும்ப வாங்கியாச்சு பிரசாத். விதிப்படி இனி சென்னைதான் எழுத்துல சொல்லணும்," என்றார். வண்டியின் சாவியை வாங்கித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சென்னையிலிருந்து போன் வந்தபோதும், போலீஸ் வழக்கில் இருக்கிற வண்டியை அனுப்பச் சொல்வதென்றால் உத்தரவில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். அந்த உத்தரவு கடைசிவரை வரவேயில்லை. அவரைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் நான் இதைத்தான் சொல்வேன்.

அன்று மதியம் சாவகாசமாக வண்டியைச் சுற்றி வந்தேன். கட்டணம் கேட்க முடியாது என்றாலும் ஆய்வு ஆய்வுதானே. வலது பக்கம் முழுக்கக் கருவை முள் கீறல்கள், பழையவை, தேய்மானம். பின்பக்கம் வாய்க்கால் கரையில் இடித்த சேதம். முன் கண்ணாடி ஒரு சிராய்ப்பில்லாமல் இருந்தது. என்ஜின் மேல் இருக்கும் முன் மூடியில் மட்டும் இரண்டு பள்ளங்கள், தடித்த கட்டையால் ஓங்கி அடித்தது போல. இடது பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்திருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன். கியர் இருந்த நிலையையும் எழுதினேன்.

மறுநாள் ஒரு பெண் யார்டு வாசலில் வந்து நின்றாள். முப்பதுகளில் இருப்பாள். பெயர் வளர்மதி. கைதானவர்களில் ஒருவரின் மனைவி. லாரிக்காரரிடம் விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்கதான் வண்டியப் பாத்து எழுதுறவங்களாக்கா?"

"ஆமா. சொல்லுங்க."

"பயிர் பால் புடிக்கிற நேரம்க்கா. வண்டிய வரப்பு மேல ஏத்திட்டாங்க. நாங்க பொம்பளைங்க குறுக்க நின்னோம். ஹாரன் அடிச்சுக்கிட்டே மேல மேல வந்தாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கல. கையில மம்பட்டி இருந்துச்சு. அதத் திருப்பிக் காம்பால ரெண்டு போட்டேன். பக்கத்துக் கண்ணாடியும் போச்சு. அந்த டைவர் தம்பி பயந்துட்டான். பின்னாடி எடுத்தான், நேரா வாய்க்கால்ல போயி எறங்கிடுச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரும் மத்தவங்களும் சேத்துல குதிச்சு, கதவ இழுத்துத் தொறந்து, உள்ள இருந்தவங்கள இழுத்துக் கரையில போட்டாங்க. இழுத்துப் போட்டவங்களத்தான்க்கா புடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க."

மேசை மேல் இருந்த என் அறிக்கையை அவள் பார்த்தாள்.

"அந்த ரெண்டு அடிய மட்டும் எழுதாதீங்கக்கா. எழுதுனா அதையும் அவரு தலையில கட்டிடுவாங்க."

"எழுதிட்டேன்மா."

"அழிச்சுடுங்க. நீங்களும் எங்கள மாதிரி ஊட்டுலேருந்து வந்தவங்கதானே? உங்க பேச்சுலயே தெரியுதே."

"அத அழிச்சா, மீதி நான் எழுதியிருக்கறத யாரு நம்புவாங்க?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். வாசல் வரை கூடவே போனேன்.

"வக்கீல் இருக்காரா உங்களுக்கு?"

"சங்கத்துல ஒருத்தர் பாக்குறாரு."

"அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வண்டி இங்கதான் இருக்கு, வந்த மாதிரியே இருக்கு, யாரும் தொடல. அவ்வளவுதான்."

பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். வக்கீலிடம் சொல்வாளா மாட்டாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்கள் நன்றாக இல்லை. விளக்கம் கேட்டுச் சென்னையிலிருந்து குறிப்பாணை வந்தது. ஒப்பந்த நிறுவனம் மற்ற வண்டிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். தினமும் காலையில் யார்டுக்குப் போய் அந்த வண்டியின் மேல் போட்ட தார்ப்பாய் விலகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

வளர்மதி சொல்லியிருக்கிறாள். வக்கீல் மனுப் போட்டு, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வாங்கிவிட்டார். ஆய்வாளர் வந்த அன்று எங்கள் யார்டில் திருவிழாக் கூட்டம். இரண்டு பக்கத்து வக்கீல்கள், சப் இன்ஸ்பெக்டர், பிரசாத், பஷீர். எல்லோர் முன்னிலையிலும் தார்ப்பாயை எடுத்தேன். என் அறிக்கையைக் கொடுத்தேன். ஆய்வாளர் அதை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் வண்டியில் இடம் தேடிப் பார்த்தார். முன் மூடியில் இருந்த இரண்டு பள்ளங்களையும் விரலால் தடவினார். கியர்பாக்ஸைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "வண்டி ஓட்டினது யாரு?" என்றார்.

பஷீர் முன்னால் வந்தார்.

"என்னப்பா நடந்துச்சு?"

பஷீர் இந்தத் தடவை பிரசாத் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் பயந்து ரிவர்ஸ் எடுத்தேன் சார். பின்னாடி வாய்க்கால் இருக்கறதப் பாக்கல. யாரும் தள்ளல. அவங்கதான் எங்கள வெளிய எடுத்தாங்க."

ஒரு கேள்விக்காக அவர் அத்தனை நாள் காத்திருந்தார் என்று எனக்குப் பட்டது. அன்றோடு அவருக்கு அந்த வேலை போனது. கொஞ்ச நாளில் மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார்.

கொலை முயற்சிப் பிரிவு நிற்கவில்லை. கைதானவர்கள் ஜாமீனில் வந்தார்கள். என் அறிக்கையில் சில வரிகள் ஊர்க்காரர்களுக்கும் எதிராக இருந்ததால், அதை ஒருதலைப்பட்சம் என்று தள்ள அரசுத் தரப்பு வக்கீலால் முடியவில்லை. மீதியிருந்த வண்டிச் சேத வழக்கில், அந்த இரண்டு அடியை யார் அடித்தது என்ற பேச்சு வந்தபோது வளர்மதி தானே எழுந்து நின்று, "நான்தாங்க அடிச்சேன்" என்றாளாம். அபராதத்தோடு முடிந்தது.

எனக்கு அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. பழுதுபார்த்த செலவு கம்பெனியின் கணக்கில் போனது. ஆய்வு செய்யாமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அது. நான் கம்பெனிக்கு வைத்த ஒரே நஷ்டமும் அதுதான். விளக்கக் கடிதத்தில் இரண்டையும் மறைக்காமல் எழுதினேன். வண்டியை அவசரமாகக் கைக்கு வாங்க வேண்டிய நிலை வந்தால் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியே இல்லாதபடி படிவம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினேன். அடுத்து அச்சான படிவத்தில் 'ஆய்வு நிலுவையில்' என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் படிவம்தான். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஒரு டிக் போட்டால் போதும். நான் வாங்கிய எந்தப் பாராட்டையும்விட எனக்கு அந்தச் சின்னக் கட்டம்தான் பெரிது.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் வளர்மதி மறுபடி வந்தாள். இந்தத் தடவை புருஷனும் கூட வந்திருந்தார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் நேராக என் மேசைக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து வைத்தாள்.

"எதுக்கும்மா இது?"

"அந்த ரெண்டு அடிக்கும் கண்ணாடிக்கும். நாங்க பண்ணதுக்கு நாங்க குடுத்துடறோம். நாளைக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

"வாங்கறதுக்கு வழியில்லம்மா. கட்டணம்னு எதுவும் போடாமத்தான் வண்டிய வாங்கினேன்."

"அப்ப அது கணக்குலயே இல்லையா?"

"எழுதியிருக்கு. என்ன அடி, எங்க விழுந்துச்சு, எல்லாம் எழுதியிருக்கு. பணம்தான் கிடையாது."

அவள் பணத்தை மறுபடி முடிந்துகொண்டாள். "எழுதியிருக்குல்ல, சரி," என்றாள்.

வண்டி அப்போது ஏலத்துக்குத் தயாராக யார்டில் நின்றது. பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அழைத்துப் போனேன். முன் மூடியைச் சரிசெய்து, பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். வெயிலில் பளபளத்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன்னால் வந்து நின்று, தன் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்து அளந்து பார்த்தாள்.

"இதானாக்கா அது?" என்றாள். "அன்னைக்கு வயல்ல யானை மாதிரி தெரிஞ்சுச்சு."

வாசலில் நின்ற புருஷனைக் கையாட்டிக் கூப்பிட்டாள், அவரும் வந்து பார்க்கட்டும் என்று.